ஒரு மில்லிமீட்டர்

என் அண்ணனுக்கு வலது கணுக்கால் மடங்காது. 1978-ல் சோழவரத்துப் பந்தயத்துக்குப் பிறகு மடங்குவதில்லை. எலும்புகள் கூடி ஒன்றாகிவிட்டன. நடக்கும்போது பாதம் ஒரு பலகையைப்போல் தரையில் விழும். அந்தச் சத்தத்தை வைத்து அவர் வீட்டில் எங்கே இருக்கிறார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். எழுபதைத் தாண்டிய இந்த மனிதர் சென்ற வருஷம், ஷெட்டில் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்த தன் பழைய பந்தயக் காரை ஒருதரம் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார். யாரோடும் போட்டிக்கு இல்லை. செட்டிபாளையத்து ஓட்டப்பாதை காலையில் ஒரு மணி நேரம் கிடைத்தால் போதும். ஆனால் மடங்காத காலுக்கு ஏற்ற பிரேக் பெடல் கடையில் கிடைக்காது. செய்துதான் பொருத்த வேண்டும்.

பொருத்தியவன் நான். இதை எழுதக் காரணம் அது மட்டுமல்ல. 1978-ல் பந்தயத்துக்கு முன் அந்தக் காரின் பிரேக்கைக் கடைசியாகத் தொட்டவனும் நான்தான்.

சோழவரம் என்றால் பலருக்கு ஏரி. எங்களுக்கு அது ஓடுபாதை. சென்னைக்கு வடக்கே இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்ட விமானத்தளம் அது. விமானங்கள் போன பிறகு அங்கே கார்கள் ஓடின. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் வருஷாவருஷம் பந்தயம் நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டைப் பாதை வரும்வரை இந்தப் பக்கத்தில் பந்தயம் என்றால் சோழவரம்தான். கோயம்புத்தூரிலிருந்து காரை லாரியில் ஏற்றிக்கொண்டு நாங்களும் போவோம். கோவையில் தாமே கார் கட்டுகிறவர்கள் அப்போது இருந்தார்கள். பிற்பாடு கரிவரதன் அதை ஒரு தலைமுறைக்கே பள்ளிக்கூடமாக ஆக்கினார். மாருதி 800 இன்ஜினை வைத்து அவர் கட்டிய ஒற்றை இருக்கைக் கார்களில் பழகி வந்தவர்கள் பலர். 1995-ல் விமான விபத்தில் அவர் இறந்தார். செட்டிபாளையத்துப் பாதைக்கு அவர் பெயர்தான்.

அண்ணன் அந்த அளவுக்குப் போனவரில்லை. ஃபவுண்டரிகளுக்கு மரத்தில் பாட்டர்ன் செய்வது அவர் தொழில். சம்பாதித்ததைச் சேர்த்து, குழாய்களைப் பற்றவைத்துச் சட்டம் செய்து, ஃபியட் 1100-இன் 1089 சிசி இன்ஜினை அதில் வைத்தார். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மாஸ்டர் சிலிண்டர்.

அன்று பயிற்சி ஓட்டம் முடிந்து இறங்கியவர், “மேல கொஞ்சம் காலியா இருக்குதுடா. காலை வச்சா உடனே புடிக்க மாட்டேங்குது” என்றார். சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். எனக்கு 19 வயது. இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். எல்லாவற்றையும் சரிசெய்துவிட முடியும் என்று நம்புகிற பருவம். பெடலை விரலால் தள்ளிப் பார்த்தேன். அரைவிரல் தடிமன் ஒன்றும் செய்யாமல் நகர்ந்தது. அதற்குப் பிறகுதான் எதிர்ப்பு. பெடலிலிருந்து சிலிண்டருக்குள் போகும் புஷ் ராடின் லாக் நட்டைத் தளர்த்தினேன். ராடை ஒரு சுற்று நீட்டினேன். இன்னும் கொஞ்சம். மறுபடி இறுக்கினேன். காலி போய்விட்டது. பெடல் தொட்ட மாத்திரத்தில் பதில் சொன்னது. எனக்குப் பெருமையாக இருந்தது.

மாஸ்டர் சிலிண்டருக்குள், பிஸ்டன் முழுக்கத் திரும்பி வந்து நிற்கும் இடத்துக்குச் சற்று முன்னால், ஒரு பொடித் துளை உண்டு. மேலே இருக்கும் பிரேக் ஆயில் கிண்ணத்துக்குப் போகும் வழி அது. மிதித்தால் பிஸ்டன் துளையைத் தாண்டி அதை மூடும். அப்புறம்தான் உள்ளே அழுத்தம் பிறக்கும். காலை எடுத்தால் துளை திறக்கும், சக்கரத்தருகே சூடாகி விரிந்த ஆயில் அந்த வழியாக மேலே திரும்பும். புஷ் ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே சுமார் ஒரு மில்லிமீட்டர் இடம் விடுவது, பிஸ்டன் கடைசிவரை திரும்ப வேண்டும் என்பதற்காக. பெடலின் நெம்புகோல் அந்த ஒரு மில்லிமீட்டரை ஐந்தாகப் பெருக்கிக் காலுக்குக் காட்டும். அதைத்தான் அண்ணன் காலி என்றார். அதைத்தான் நான் எடுத்தேன்.

எடுத்துவிட்டால் துளை மூடியபடியே இருக்கும். குளிர்ந்த காரில் ஒன்றும் தெரியாது. உண்மையில் முன்னைவிட நன்றாக இருக்கும். ஓட ஓட ஆயில் சூடாகும், விரியும், போக வழியில்லாமல் பிரேக் ஷூக்களைத் தள்ளும். யாரும் மிதிக்காமலே பிரேக் பிடிக்கத் தொடங்கும். பிடிப்பதால் சூடு, சூட்டால் மேலும் பிடிப்பு. ஆறாவது சுற்றில், நீண்ட நேர்பாதை முடியும் இடத்தில் அண்ணன் பெடலை லேசாகத் தொட்டிருக்கிறார். ஏற்கெனவே பாதி பிடித்திருந்த பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டன. கார் சுழன்று மண்ணில் இறங்கிப் புரண்டது. அவர் பாதம் பெடலுக்கும் முன்சட்டத்துக் குழாய்க்கும் நடுவே இருந்தது.

பிரேக் ஜாம் ஆகிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். கைவேலையாகக் கட்டிய காரில் அது ஆச்சரியமான விஷயம் இல்லை. யாரும் புஷ் ராடைப் பார்க்கவில்லை. எனக்கே காரணம் தெரிய இரண்டு வருஷம் ஆயிற்று. ஒரு சர்வீஸ் புத்தகத்தில் சிலிண்டரைக் குறுக்கே வெட்டிக் காட்டிய படத்தைப் பார்த்தபோது தெரிந்தது. அன்று வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். அண்ணன் திண்ணையில் கைத்தடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏதோ பாட்டர்னைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது ஒருநாள் செய்து முடித்துவிடும் காரியமல்ல. தினமும் செய்ய வேண்டியிருக்கிறது.

இன்ஜினியரிங்கில் நான் நிலைக்கவில்லை. இந்த வட்டத்துக்கு வந்தேன். கவிதையைப் பற்றி எழுதினேன். என் கட்டுரைகளைப் படித்தவர்களுக்கு அவற்றில் அடிக்கடி வரும் ஒரு வார்த்தை ஞாபகமிருக்கும்: தொளதொளப்பு. வேலை செய்யாத சொல் கவிதையில் இருக்கக் கூடாது என்று பல இளைஞர்களை விரட்டியிருக்கிறேன். இறுக்கத்தை ஒரு அழகியல் குணமாக மட்டுமல்ல, ஒழுக்கமாகவே கருதினேன். வேலை செய்யாததுபோல் தோன்றுவது வேலை செய்யவில்லை என்று ஆகிவிடாது. இது என் கையில் ஸ்தூலமாகக் கிடைத்த பாடம். விலை கொடுத்தவர் வேறொருவர். இருந்தும் அந்தப் பாடத்தை இயந்திரங்களுக்கு மட்டும் உரியது என்று தள்ளிவைத்தேன். ஏன் என்று இப்போது புரிகிறது. கவிதையில் ஒரு தளர்வான வரி ஏன் இருக்கிறது என்று பொறுமையாக யோசிக்க ஆரம்பித்தால் யோசனை புஷ் ராடுவரை போய்விடும்.

பெடல் வேலைக்கு வருகிறேன்.

காரைக் கழுவி இருக்கையில் அண்ணனை உட்காரவைத்தோம். நாம் பிரேக் போடும்போது குதிகால் தரையில் ஊன்றியிருக்கும். கணுக்கால் மடங்கும். பெடல் ஒரு அச்சில் சுழல்கிற பொருள். 250 மில்லிமீட்டர் நீளமான பெடல் 40 மில்லிமீட்டர் நகர்ந்தால் அதன் முகம் 9 டிகிரி சாயும். அந்த 9 டிகிரியை நம் கணுக்கால் நமக்குத் தெரியாமல் வாங்கிக்கொள்கிறது. அண்ணனின் கால் வாங்காது. அவர் இடுப்பிலிருந்து, முழுக்காலாலும் மிதிக்க வேண்டும். மிதிக்க மிதிக்கப் பாதம் பெடலின் மேல்விளிம்பில் மட்டும் நிற்கும். வழுக்கும்.

பெடலின் முகத்துக்கு ஒரு கீல் வைத்துவிடலாம், காலோடு சேர்ந்து சாயட்டும் என்றேன். அவர் ஒப்பவில்லை. “காலுக்கடியில ஆடுனா அது எனக்கு ஒண்ணும் சொல்லாதுடா” என்றார். அவர் சொன்னது சரி. பிரேக் பெடலில் நாம் அறிவது தூரத்தை அல்ல, எதிர்ப்பை. கால் எவ்வளவு நகர்ந்தது என்பதைவிட எவ்வளவு பலம் கொடுக்கிறோம் என்பதே நமக்குத் துல்லியமாகத் தெரிகிறது. அதனால்தான் பந்தயக் காரின் பெடல் கல்மாதிரி இருக்கும். புதிதாக மிதிப்பவருக்கு அது வேலை செய்யாததுபோலத் தோன்றும்.

இரண்டு நாள் கழித்து அவரே ஒரு தேக்குத் துண்டைச் செதுக்கிக்கொண்டு வந்தார். முகம் தட்டையாக இல்லை. தேங்காய் ஓட்டின் ஒரு சில்லைப்போல மெல்லிய வளைவு. பெடல் சாயும்போது பாதம் அதன்மேல் உருண்டுபோகும், எந்த இடத்திலும் முழுசாகப் பதிந்திருக்கும். கணுக்கால் செய்ய வேண்டிய வேலையை மரத்தில் செதுக்கிவிட்டார். அதைப் பாட்டர்னாக வைத்து அலுமினியத்தில் வார்த்தோம். வார்ப்பு ஆறும்போது சுருங்கும். அதனால் பாட்டர்னைச் சற்றுப் பெரிதாகச் செய்ய வேண்டும். வார்ப்பிரும்புக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 10 மில்லிமீட்டர், அலுமினியத்துக்கு இன்னும் கொஞ்சம் கூட. பாட்டர்ன் காரர்கள் அந்தச் சுருக்கத்தைச் சேர்த்தே கோடு போட்ட தனி ஸ்கேல் வைத்திருப்பார்கள். ஆயுள் முழுக்க இப்படி இடம் விட்டே வேலை செய்தவர் என் அண்ணன். அதை நான் அதுவரை யோசித்ததில்லை.

பெடலின் கை இ.என்.8 இரும்பு. பயந்து மிதித்தால் 200 கிலோ விழும் என்று வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். பயம் எடை பார்க்காது. அச்சிலிருந்து பாதத்துக்கு 250, அச்சிலிருந்து புஷ் ராடுக்கு 50. ஆக ஒன்றுக்கு ஐந்து. அண்ணன் 40 கிலோ கொடுத்தால் 200 ஆகும். இந்தத் தடவை ஒரே சிலிண்டர் இல்லை. முன்சக்கரங்களுக்கு ஒன்று, பின்சக்கரங்களுக்கு ஒன்று. ஒன்றில் ஆயில் கசிந்தாலும் மற்றது நிற்கும். பெடலின் கைக்குள் ஒரு குழாய், அதற்குள் உருண்டை பேரிங், அதன் நடுவே ஒரு திருகுத் தண்டு. தண்டின் இரு முனைகளிலும் இரண்டு கவைகள் இரண்டு புஷ் ராடுகளைப் பிடித்திருக்கும். தராசின் கோல்தான் இது. பேரிங் நடுவில் இருந்தால் 200 கிலோ நூறு நூறாகப் பிரியும். தண்டைத் திருகினால் ஒரு பக்கம் கூடும், மறுபக்கம் குறையும். முன்னதற்கு 5/8 அங்குல சிலிண்டர், பின்னதற்கு 0.7 அங்குலம். சிறிய சிலிண்டரில் அதே 100 கிலோ, சதுர சென்டிமீட்டருக்கு 50 கிலோ அழுத்தமாகிறது. பெரியதில் 40. கார் வேகம் குறையும்போது எடை முன்னுக்குச் சாயும். பின்சக்கரம் தரையை லேசாகத்தான் பிடித்திருக்கும். அதற்கு அதிகம் கொடுத்தால் அது பூட்டிக்கொண்டு கார் சுழலும். எப்படிச் சுழலும் என்று எனக்குத் தெரியும்.

பழைய கார்களைச் சேகரிக்கும் நண்பர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு வருத்தப்பட்டார். பழைய பெடலை மாற்றினால் கார் போலியாகிவிடும் என்பது அவர் கட்சி. ஒரு காலத்தின் அறியாமையும் அந்தக் காலத்தைச் சேர்ந்ததுதான் என்று அழகாகச் சொன்னார். ஒரு பிரதியைப் பதிப்பிக்கும்போது நாமும் இதைத்தான் சொல்கிறோம். என்னால் அவரோடு வாதாட முடியவில்லை. பழைய பெடலைக் கழற்றும் வேலையை நானே செய்வேன் என்று முன்னதாகவே சொல்லி, தனியாக இருக்கும்போது கழற்றியிருந்தேன். லாக் நட் நான் 1978-ல் இறுக்கிய இடத்திலேயே துருவேறி உறைந்திருந்தது. அவர் காப்பாற்றச் சொன்ன அசலில் என்னுடைய அந்த ஒரு சுற்றும் சேர்ந்திருந்தது.

கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் தம்பிதான் பெடலைக் கடைந்து, பற்றவைத்துக் கொடுத்தது. நல்ல கை. பொருத்துகிற அன்று கவைகளை ஆட்டிப் பார்த்து, “ரெண்டு பக்கமும் ஆட்டம் இருக்குதுங்க சார். வாஷர் போட்டு டைட் பண்ணிடட்டுங்களா?” என்றார். வேண்டாம் என்று கத்திவிட்டேன். அவர் திகைத்துப்போனார். பிறகு நிதானமாக விளக்கினேன். ஒரு பக்கத்து ஆயில் போய்விட்டால் தராசுக்கோல் சாய்ந்து, குழாயில் முட்டி, மறுபக்கத்தைத் தள்ள வேண்டும். சாய இடம் வேண்டும். கவையை இறுக்கினால் கோல் சாயாது. எல்லாம் ஒழுங்காக இருக்கிற நாளில் அந்த ஆட்டத்துக்கு அர்த்தமே தெரியாது. தம்பி கேட்டுக்கொண்டு, “செரிங்க, நீங்க எங்கயோ பட்டிருக்கீங்க” என்றார்.

ஏர் எடுத்து முடித்தோம். அண்ணன் இருக்கையில் இறங்கினார். முதலில் வெறுங்காலோடு, பிறகு ஷூவோடு. நான் காருக்கு முன்னால் குனிந்து புஷ் ராடுகளைப் பார்த்தபடி இருந்தேன். ஒவ்வொன்றுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் விட்டு லாக் நட்டை இறுக்கியிருந்தேன். பல தடவை சரிபார்த்திருந்தேன். அவர் மிதித்தார். விட்டார். மறுபடி மிதித்தார். தலைக்கு மேலிருந்து குரல் வந்தது.

“மேல கொஞ்சம் காலியா இருக்குது.”

அதே வார்த்தை. நான் நிமிரவில்லை. “அது இருக்கணும்ங்கண்ணா” என்றேன். குரல் சரியாக வரவில்லை.

“தெரியும்” என்றார். சற்று நேரம் மிதித்துக்கொண்டிருந்தார். “அன்னிக்கும் இருந்துச்சு. மத்தியானம் வந்து உக்காந்தா இல்ல.”

லேத் தம்பி ஏதோ சாமான் எடுக்க உள்ளே போயிருந்தார். எனக்கு அது நல்லதாயிற்று. நான்தான் எடுத்தேன் என்றேன். 45 வருஷத்துக்கு மேல் தயாராக வைத்திருந்த வாக்கியம் எவ்வளவோ நீளமாக இருந்தது. வெளியே வந்தது இரண்டே சொல்.

“வேற யாரு எடுப்பா” என்றார். பிறகு, அவசரமில்லாமல், “எனக்கு அது புடிச்சிருந்துச்சுடா. காலை வச்சவுடனே கேட்டுச்சு. என்னமோ தப்புன்னு பட்டுச்சு. இறங்கி என்னான்னு பாத்திருக்கலாம். நல்லா இருக்குதேன்னு ஓட்டிட்டேன்” என்றார்.

நான் எதிர்பார்த்திருந்த இரண்டு பதில்களில் இது எதுவுமில்லை. கோபம் வந்திருந்தால் வாங்கிக்கொள்ளப் பழகியிருந்தேன். மன்னிப்பு வந்தால் மறுக்கத் தயாராக இருந்தேன். அவர் இரண்டையும் தரவில்லை. தன் பங்கை எடுத்துக்கொண்டார். என் குற்றம் முழுக்க முழுக்க என்னுடையது என்ற எண்ணத்தில் எனக்கு ஒரு கௌரவம் இருந்திருக்கிறது. அது போனபோதுதான் அது தெரிந்தது. இத்தனை வருஷம் சொல்லாமல் இருந்தது அவரைக் காப்பாற்ற என்றும், என்னைக் காப்பாற்ற என்றும் மாறி மாறி நினைத்திருக்கிறேன். அவருக்கும் அந்த மத்தியானத்தைப் பற்றி ஒரு பிரக்ஞை இருக்கும், தன் காலைப் பற்றித் தனக்கே ஒரு கணக்கு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் இருவருக்கும் நடுவே அதற்கு நான் இடம் விட்டிருக்கவில்லை.

அவர் எனக்காக அப்படிச் சொன்னாரா, உண்மையாகவே அப்படித்தானா என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் செட்டிபாளையத்துக்குக் காரைக் கொண்டுபோனோம். முதல் இரண்டு சுற்று மெதுவாக. பிறகு கொஞ்சம் வேகம். வளைவுக்கு முன்னால் பிரேக் போடும்போது காரின் மூக்கு லேசாகத் தாழ்ந்து, நேராகப் போயிற்று. பின்சக்கரம் இழுக்கவில்லை. இன்ஜின் சத்தம் குறைந்து வளைவுக்குள் போய் மறுபடி ஏறுவதை நான் பாதையோரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எண்ணக் கூடாது என்றுதான் இருந்தேன். எண்ணினேன். ஆறாவது சுற்று வந்து போயிற்று. எட்டாவது முடிந்து அவர் உள்ளே வந்தார்.

அவரைப் பிடித்துத் தூக்கி வெளியே விட்டோம். டீ எங்கே என்று கேட்டுக்கொண்டு போனார். காங்கிரீட்டில் அந்தக் கால் விழும் சத்தம் தூரமாகப் போயிற்று. டிரம்களிலிருந்து சூடு அடித்தது. கிட்டே கை கொண்டுபோக முடியவில்லை. நான் காருக்குள் குனிந்து பெடலை ஒரு விரலால் தள்ளினேன். எதிர்ப்பு தொடங்குவதற்கு முன்னால், காலையில் குளிர்ந்திருந்தபோது இருந்த அதே அளவு, காலியாக ஆடியது.